மெனு கிராணியும் கிள்ளான் பாய் கடையும்

தாப்பாவிலிருந்து கிள்ளான் வரைக்கும், அந்தப் பக்கம் கம்போங் ராஜாவைத் தாண்டி கிளந்தான் எல்லை வரைக்கும், எந்தக் கடையில் எந்தக் கிழமை என்ன கறி வைப்பார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரே மனிதர் இந்த மலேசியாவில் எங்கள் மெனு கிராணிதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அந்தக் கடைகளில் ஒன்றில்கூட அவர் கால் வைத்ததில்லை. அதற்கும் தனியாக ஒரு சூடம் அணைக்கிறேன்.

காரணம் சாதாரணமானது. மலைப்பாதை வளைவு அவருக்கு ஆகாது. மலையிறக்கத்தில் ரிங்லெட் ஊரைத் தாண்டி மூன்றாவது வளைவு வந்தால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். கேமரன் மலையில் பிறந்து, மலையில் படித்து, மலையிலேயே எஸ்டேட் ஆபிஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தவர். பெண் பார்க்கும்போதுகூடத் தரகரிடம், "பொண்ணு எப்படி இருந்தாலும் சரி, ரிங்லெட்டுக்குக் கீழ மட்டும் வேணாம்" என்று நிபந்தனை போட்டாராம். பிரிஞ்சாங்கில் பெண் கிடைத்தது. அந்த அம்மாவே இதைச் சிரித்துச் சிரித்து எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அந்த ஆபிஸில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இன்றைக்கு வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறேனே, இந்த எழுத்து வியாதி என்னைத் தொற்றியது அங்கேதான். அதற்கும் அவர்தான் காரணம்.

தலையில் இரவுச் சந்தையில் வாங்கிய குரங்குக் குல்லா, கழுத்தில் டை, டைக்கு மேல் ஒன்றுக்கு இரண்டாக ஸ்வெட்டர். இதுதான் ஆள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அங்கே மட்டும்தான் இருந்தது. அவருடைய முக்கியமான வேலை, உணவுப்படி பாரங்களில், அதாவது படிவங்களில், கையெழுத்துப் போடுவது. கம்பெனி வேலையாக மலையை விட்டு இறங்குகிற எவருக்கும் காலைப் பசியாறலுக்கு இவ்வளவு, மத்தியானத்துக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை உண்டு. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிள்ளான் கிடங்குக்குப் போகிற லோரி ஓட்டுநருக்கும் உண்டு, கோலாலம்பூரில் கூட்டத்துக்குப் போகிற எஸ்டேட் மேனேஜர் துரைக்கும் உண்டு. பில் எதுவும் காட்ட வேண்டாம். பாரத்தில் மூன்று கட்டம் இருக்கும். டிக் அடித்துக் கொடுத்தால் சம்பளத்தோடு வந்துவிடும்.

உலகத்தில் உள்ள எல்லாக் கிராணிக்கும் இது போதும். இவருக்குப் போதவில்லை.

"கம்பெனி காசு குடுக்குறது எதுக்கு? சாப்புடறதுக்கு. நீ சாப்ட்டியா இல்லியான்னே தெரியாம நான் எப்படிலா கையெழுத்துப் போடறது?" என்று கேட்டுவிட்டு, அடிக்கோலை வைத்துப் பாரத்தில் நான்காவதாக ஒரு கட்டம் கிழித்தார். அதன் தலையில் 'உண்டது' என்று அழகாக எழுதினார். அந்தப் பாரத்தை நகல் எடுத்து, நகலை நகல் எடுத்து, சில வருடங்களில் பக்கத்து எஸ்டேட்டுகளிலும் அதே பாரம்தான். தலைமை அலுவலகமே அதைத் தங்களுடைய பாரம் என்று நம்பிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டத்தை அவரை மீறி நிரப்ப முடியாது. தோட்ட வேலையை மேற்பார்க்கிற ஒரு கண்டக்டர் அவசரத்தில் 'சாப்பாடு' என்று எழுதிக் கொடுத்தார். 'என்ன சாப்பாடு?' என்று பென்சிலில் எழுதித் திரும்பி வந்தது. தொழிற்சாலை இஞ்சினியர் 'நாசி சம்பூர்' என்று எழுதினார். "சம்பூர்னா கலவை. எதோட எதக் கலந்தீங்க? நான் பாக்க வேணாமா?" என்று தொழிற்சாலைக்கே போன் வந்தது. இரைகிற எந்திரங்களுக்கு நடுவில் அந்த மனிதர், "கங்கோங்! கங்கோங் கீரை! அப்புறம் முட்டை!" என்று கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

துரையையும் விடவில்லை. ஐந்து நட்சத்திர ஓட்டலில் கூட்டம் முடித்து வந்த துரை, 'பஃபே' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மெனு கிராணி பாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பங்களாவுக்கே ஏறிவிட்டார். துரை வாசலில் செருப்போடு நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல, இவர் எழுதிக்கொண்டார். பாதி வழியில், "எறா எத்தன துரை?" என்று வேறு கேட்டிருக்கிறார். துரையும், பாவம், விரலை மடக்கி யோசித்துப் பதில் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் கண்டிப்பு என்று ஆரம்பத்தில் நினைத்தேன். ஒரு மாதம் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் புரிந்தது. அவருக்கு வயிற்றுப் புண். காரம் கூடாது, எண்ணெய் கூடாது. வருடம் முழுவதும் தயிர்ச்சோறு, உப்புக் குறைவாக. மணி ஒன்று ஆனதும் டிபன் டப்பாவைத் திறப்பார். பக்கத்தில் பாரங்களை அடுக்கி வைத்துக்கொள்வார். மேலே உள்ளதை எடுத்துச் சத்தமாக வாசிப்பார்.

"தாப்பா. மாமாக் கடை. ரொட்டி சானாய் ரெண்டு, பருப்புக் கறி, தே தாரிக்." ஒரு வாய் தயிர்ச்சோறு. "பீடோர். வாத்து மீ." இன்னொரு வாய். "ஈப்போ. கோழிக் கறி, அவரக்கா பிரட்டல், அப்பளம் ரெண்டு." இங்கே கண்ணை மூடிக்கொள்வார். டப்பா காலியாகும்போது பாரங்களும் தீர்ந்திருக்கும். பாரம் குறைந்த நாள்களில் பாதிச் சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

இந்த இடத்தில்தான் லோரி ஓட்டுநர் கதிரேசன் வருகிறான்.

வாரத்துக்கு மூன்று முறை கிள்ளானுக்குத் தேயிலை ஏற்றிப்போவது அவன்தான். பதினைந்து வருட சர்வீஸ், கிள்ளான் ஓட்டம் மட்டும் புதிது. அதிர்ந்து பேசத் தெரியாது. அவன் மனைவி செல்வி விடியற்காலையிலேயே சோற்றையும் நெத்திலிச் சம்பாலையும் ஒரு பெரிய டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிடுவாள். காலை, மத்தியானம், இரவு, மூன்று வேளையும் அந்த ஒரே டப்பாதான். சில நாள் சம்பால் புளித்துப்போய்விட்டால் இரவு வெறும் தண்ணீர். கடைப்பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டான். உணவுப்படியை அப்படியே வங்கியில் கட்டுவான். பீடோரில் ஒரு தாமான் குடியிருப்பில் மலிவு வீடு ஒன்றுக்குப் பதிந்திருந்தான். மாதத் தவணையில் பாதி அந்தச் சாப்பாட்டுக் காசு.

"ரிடயர் ஆன மறுமாசமே கம்பெனி லைன் வீட்டக் காலி பண்ணணும் தங்கச்சி. எங்கப்பா சாமான் சட்டியோட ரோட்ல நின்னதப் பாத்தவன் நானு. என் செல்வி அப்படி நிக்கக் கூடாது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அவனுக்கு எமனாக வந்தது அந்த நான்காவது கட்டம். பொய் எழுதத் தெரியாதவன், எல்லாப் பாரத்திலும் 'சோறு, கோழி' என்றே எழுதிக்கொண்டிருந்தான். மெனு கிராணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"டேய் கதிரேசா, மூணு மாசமா கோழி கோழின்னே எழுதற. நாட்ல மீனே இல்லியா? கடல் கிள்ளான் பக்கத்துலதானடா இருக்கு? அடுத்த தடவ ஒழுங்கா எழுதலேன்னா படிய நிறுத்தி வெச்சிருவேன், பாத்துக்க."

அவன் பேயறைந்த மாதிரி என் மேசைக்கு வந்தான். "தங்கச்சி, எனக்கு மண்டைல ஒண்ணும் வரலலா. நீதான் புஸ்தகம்லாம் படிக்கறியே. ஏதாச்சும் எழுதிக் குடேன்."

எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கற்பனை, கதிரேசன் சாப்பிடாத ஒரு மீன் தலைக் கறி. கடை வேண்டுமே? கிள்ளானில் ரயில் பாலத்துக்குப் பின்னால் ஒரு பாய் கடையைக் கட்டினேன். நான்கு மேசை போட்டேன். கொல்லையில் விறகடுப்பு வைத்தேன். பாய்க்கு ஒரு முட்டியில் வலி கொடுத்தேன். அன்று மத்தியானம் மெனு கிராணி அந்தப் பாரத்தை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். டப்பாவில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எழுதுகிறவளுக்கு ஏது அந்தப் புத்தி? செவ்வாய்க்கிழமை சுறாப் புட்டு, வியாழக்கிழமை ஆட்டுக்கால், மழை பெய்தால் மிளகு ரசம் என்று கடை வளர்ந்தது. கதிரேசன் லோரியை நிறுத்தியதுமே மெனு கிராணி சன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்.

"பாய்க்கு முட்டி வலி கொறஞ்சிருக்கா?"

"கொ... கொறஞ்சிருக்குங்க ஐயா." பிறகு என்னிடம் ஓடி வருவான். "தங்கச்சி, பாய்க்கு எந்தக் கால்லா வலி? நான் எடதுன்னு சொல்லிட்டேன்."

"வலதுண்ணே! போன வாரமே எழுதினேன்ல?"

"ஐயோ, ரெண்டு காலும்னு மாத்தி எழுதிரு."

இப்படியே மூன்று வருடம். என் கொழுப்பு எங்கே போய் நின்றது தெரியுமா? பாய் மகளுக்குக் கல்யாணம் வைத்தேன். அந்த ஒரு பாரத்தில் நெய்ச்சோறு, தால்ச்சா, ஆட்டுக்கறி, அன்னாசிப் பச்சடி என்று கட்டம் தாண்டிப் பின்பக்கமும் எழுதினேன். மெனு கிராணி வாசித்து முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலை லோரி கிளம்புமுன் கதிரேசன் கையில் இரண்டு பாக்கெட் நல்ல தேயிலைத் தூளையும், ஐம்பது வெள்ளி போட்ட ஓர் அங்பாவ் அன்பளிப்பு உறையையும் கொடுத்தார். "பொண்ணுக்கு என் பேரச் சொல்லிக் குடு. மலைல ஒரு பெரியப்பா இருக்காருன்னு சொல்லு."

கதிரேசன் அன்று முழுக்க அந்த உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி வண்டி ஓட்டியிருக்கிறான். கடைசியில் கிள்ளானில் ஒரு பள்ளிவாசல் உண்டியலில் காசைப் போட்டுவிட்டு, தேயிலையை வாசலில் இருந்த பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்தான். "நம்ம காசு இல்லல்ல தங்கச்சி" என்றான். எனக்கு அன்றைக்கு இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. கிராணியிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நாளும் மணி ஒன்றாகும், அவர் டப்பாவைத் திறப்பார், நான் வாயை மூடிக்கொள்வேன்.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து தினேஷ் என்று ஒரு சின்ன வயது அதிகாரி வந்து இறங்கினான். கையில் லேப்டாப், காலில் பளபளவென்று சப்பாத்து. இனிமேல் எல்லாம் போனிலேயே, தட்டைப் படம் எடுத்து பில்லோடு அனுப்பினால்தான் படி, என்று ஒரு திட்டத்தோடு வந்திருந்தான். அதற்கு முன்னால் பழைய பாரங்களைப் பார்க்க வேண்டுமாம். பார்த்தான். கிள்ளான் பாய் கடையில் வந்து நின்றான்.

"கிராணி, இந்தக் கடை மேப்ல இல்லியே?"

"மேப்ல நானும்தான் இல்ல சார்" என்றார் மெனு கிராணி.

தினேஷ் சிரிக்கவில்லை. "டிரைவருங்க யாரும் சாப்பிடறதில்ல, காசை மட்டும் எடுத்துக்கறாங்கன்னு மேல ஒரு பேச்சு இருக்கு. அது உண்மைன்னா எல்லாருக்கும் படியை நிறுத்திருவோம். பொய் எழுதினவனுக்கு வேலையும் இருக்காது. நாளைக்கு நானே லோரில போயி அந்தக் கடையைப் பாத்துட்டு வரேன்."

மெனு கிராணி எழுந்து நின்று டையைச் சரி செய்துகொண்டார். "அதுல கையெழுத்துப் போட்டவன் நான். நானும் வரேன் சார். கடைய நானே காட்டறேன்."

ஆபிஸே வாயைப் பிளந்தது. ரிங்லெட்டைத் தாண்டாத மனிதர் கிள்ளானுக்குப் போகிறாராம்! சாயங்காலம் கதிரேசன் தேயிலைக் கொட்டகைக்குப் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டான். "வேல போச்சுன்னா வீடு போச்சு தங்கச்சி. இன்னும் ரெண்டு வருசத் தவண இருக்கு. பேங்குக்காரன் விடுவானா? செல்விக்கு நான் என்னா சொல்வேன்?" எழுதியது முழுக்க நான்தான் என்று துரையிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "அப்ப ரெண்டு பேருக்கும் வேல போவும்லா" என்றான்.

விடியுமுன்பே எழுந்து ஓடினேன், எப்படியாவது கிராணியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று. அவர் ஏற்கெனவே லோரியில் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். குல்லாவுக்கு மேல் துண்டு. மடியில் ஒரு கட்டு பிளாஸ்டிக் பை. வாயில் வாந்தியை அடக்க ஒரு புளிப்புப் பழக் கொட்டை. நெற்றியெல்லாம் தைலம். நடுவில் தினேஷ். அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கதிரேசன், தூக்குக் கைதி மாதிரி.

"கிராணி, ஒரு நிமிசம்..."

"ஆபிஸப் பாத்துக்கம்மா. பாய்கிட்ட நீயும் விசாரிச்சதா சொல்றேன்" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

அப்புறம் நடந்தது கதிரேசன் சொல்லித் தெரிந்தது. ரிங்லெட் வரைக்கும் ஒன்றுமில்லை. தாண்டியதும் முதல் பை நிறைந்தது. ஆனால் மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. முதன்முதலாகப் பாய் கடைக்குப் போகிறார் அல்லவா? வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில் தினேஷ் பக்கம் திரும்பி அந்தக் கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

"சார், இன்னிக்கு வெசாலக் கெழம. ஆட்டுக்கால். மொதநாளே அடுப்புல ஏத்திருவாராம். கொழகொழன்னு..." வளைவு. பை. வாயைத் துடைத்துக்கொண்டு, "மீன் தல இருந்தா விடாதீங்க சார். அந்தக் கண்ணு இருக்கு பாருங்க, அத அப்படியே உறிஞ்சி..."

வழியில் வரும் அருவிக்குப் பக்கத்து வளைவில் தினேஷின் கை தானாகவே மெனு கிராணியின் மடிக்கு நீண்டு ஒரு பையை எடுத்தது. அதற்குப் பிறகு மாறி மாறித்தான். கதிரேசன் வண்டியை எத்தனை இடத்தில் நிறுத்தினான் என்று அவனுக்கே கணக்கில்லை. தாப்பா வந்து சேர்ந்தபோது தினேஷ் ஒரு மளிகைக் கடை பெஞ்சில் நீட்டிப் படுத்துவிட்டான். சப்பாத்து அடையாளம் தெரியவில்லை. மெனு கிராணி குனிந்து, "சார், கெளம்பலாமா? சுறாப் புட்டு கேட்டாலும் போட்டுத் தருவாரு" என்று கேட்டிருக்கிறார், பாசத்தோடு.

"தயவு செஞ்சு பேசாதீங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறான் தினேஷ். டாக்சி ஒன்றைப் பிடித்து, பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்து, நேராகக் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தான். கடை பார்க்கிற ஆசை அங்கேயே தீர்ந்தது.

கதிரேசன் தப்பித்தான் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அவனால் முடியவில்லை. தாப்பாவுக்குப் பிறகு நேர்ச்சாலை. மெனு கிராணிக்கு முகம் தெளிந்து, குழந்தை மாதிரி ஒவ்வோர் ஊர்ப் பலகையையும் வாசித்துக்கொண்டு வந்தாராம். கிள்ளானில் சரக்கை இறக்கியதும் குல்லாவைச் சரி செய்துகொண்டு, "ம், விடு வண்டிய, ரயில் பாலத்துக்கு" என்றாராம். பாலத்துக்குப் பின்னால் ஒரு பாழடைந்த கொட்டகையும் ஒரு வேப்பமரமும்தான் இருந்தன. கதிரேசன் எஞ்சினை அணைத்துவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து செல்வி கொடுத்த டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"இதான் ஐயா கட."

அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வீட்டைப் பற்றி, தவணையைப் பற்றி, என்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவர் அந்தக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாராம்.

"அப்ப பாயி?"

"இல்லீங்க ஐயா."

"அந்தப் பொண்ணு?"

"அதுவும் இல்லீங்க."

"நல்ல எடத்துல வாழ்க்கப்பட்டிருக்குன்னு நெனச்சேன்டா" என்றாராம் மெனு கிராணி. கதிரேசன் காலில் விழப் போனான். அவர் தடுத்து, டப்பாவைத் திறந்து, சோற்றில் பாதியைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டார். வயிற்றுப் புண்காரர், நெத்திலிச் சம்பாலைத் தொட்டுச் சாப்பிட்டார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. காரமா, வேறு ஏதாவதா என்று கதிரேசனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அவருடைய சொந்தப் பயணப் பாரத்தை என் மேசையில் வைத்தார். சர்வீஸிலேயே அவர் எழுதிய ஒரே உணவுப்படி பாரம். மத்தியானத்துக்கு நேரே, 'கதிரேசன் பெண்டாட்டி கை நெத்திலிச் சம்பால், சோறு, பாதி டப்பா' என்று இருந்தது. நான் அழுதுகொண்டே, "மன்னிச்சிருங்க கிராணி" என்றேன்.

"ஒரு மனுசனக் கூப்பிட்டு ஒக்கார வெச்சி மூணு வருசம் சோறு போட்டுட்டு, கடையே இல்லேன்னா எப்படிம்மா?" என்றார். அவ்வளவுதான் திட்டினார். அதுவே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த வாரம் தினேஷின் பாரம் வந்தது. எஸ்டேட்டுக்கு வந்துபோன பயணம் என்பதால் எங்கள் கையெழுத்து வேண்டும். காலை, மத்தியானம், இரவு, மூன்று கட்டத்திலும் டிக். 'உண்டது' மட்டும் காலி. மெனு கிராணி போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். அவன் ரிப்போர்ட் இன்னும் மேலே போகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"சார், பசியாறல் என்னாங்க?"

"நீங்கதான் பாத்தீங்களே கிராணி. ஒண்ணும் சாப்பிடல."

"மத்தியானம்?"

"ஒண்ணும் இல்ல."

"ராத்திரி?"

"நாலு பிஸ்கட்" என்றான் தினேஷ்.

ஆபிஸில் யாரோ களுக்கென்று சிரிக்க, மெனு கிராணி கையைக் காட்டி அடக்கினார். குரலில் கிண்டல் துளிகூட இல்லை. "சரிங்க சார். நான் கையெழுத்துப் போட்டுட்டேன். இத்தன வருசமா சாப்ட்டாத்தான் படின்னு நானும் முட்டாள்தனமா நெனச்சிருந்தேன். நீங்க சாப்புடல. ஆனா கம்பெனி வேலையா வீட்ட விட்டு வந்தீங்க, ஒடம்பு கெட்டுப்போச்சு, அவஸ்தப்பட்டீங்க. அதுக்கு அந்தக் காசு ஒங்களுக்குச் சேரணும். நீங்க அதத் தின்னாலும் சரி, சேத்து வெச்சாலும் சரி, நாங்க யாரு சார் கேக்க?" பேனாவை மூடிக்கொண்டே, "லோரிக்காரனும் ஒங்களாட்டம்தான் சார். வாரத்துல மூணு நாளு" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து, "சரி கிராணி" என்று மட்டும் வந்தது.

பையன் நல்லவன்தான். பத்து நாளில் சுற்றறிக்கை வந்தது. ஓட்டுநர்களுக்குப் படி பழையபடியே, பில் தேவையில்லை, படம் தேவையில்லை. கதிரேசன் அதை என்னிடம் மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது: யார் என்ன உண்டார் என்று இனி எவரும் கேட்கக்கூடாது, அந்த நான்காவது கட்டம் நீக்கப்படுகிறது. அதை வாசிக்கும்போது என் குரல் இறங்கிவிட்டது. மெனு கிராணி பழைய பாரங்களைக் கட்டி அலமாரியில் வைத்தார். அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். "அவனுக்குக் கெடச்சிருச்சுல்லம்மா, அது போதும்" என்றார். பாதிச் சோறு மிச்சமிருந்தது.

இரண்டு வருடம் கழித்து பீடோரில் கதிரேசன் புது வீட்டில் குடிபுகுந்தான். மெனு கிராணி அதற்குள் ஓய்வு பெற்று மலையிலேயே, தானா ராத்தாவில் மகன் வீட்டில் இருந்தார். அவர் வரமாட்டார் என்பதால் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. முதல் பந்தி நடக்கும்போது வாசலில் ஒரு டாக்சி நின்றது. குல்லா முதலில் தெரிந்தது. பிறகு முகம், வெளிறிப்போய், வியர்த்து வழிந்துகொண்டு.

"எதுக்குக் கிராணி இந்த ஒடம்போட?" என்று ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்டப் பாக்க வேணாமாம்மா? எத்தன வேள பட்டினி கெடந்து கட்டுனது."

இலையில் உட்கார மறுத்துவிட்டார். செல்வி எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போனார். நானும் கதிரேசனும் பின்னாலேயே போனோம். முன்கூடத்துச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "இது கிள்ளான் மத்தியானச் சாப்பாடு. அதான் நீளமா இருக்கு." படுக்கையறைச் சன்னலைத் தொட்டார். "இது தாப்பா பசியாறலா இருக்கும்." சமையலறை வாசலில் நின்றுவிட்டார். "இது ரொம்பப் பெருசா இருக்கே. இது எந்த ஊரு ராத்திரிடா?"

"எல்லா ஊரு ராத்திரியும்ங்க ஐயா" என்றான் கதிரேசன். சொல்லும்போதே உடைந்துவிட்டான். செல்வி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மெனு கிராணி அவன் தோளில் கை வைத்தார். "அழாதலா. வீடு வந்துருச்சுல்ல. இனிமேயாச்சும் போற எடத்துல எறங்கி, ஒக்காந்து, சூடாச் சாப்புடு."

சாயங்காலம் அவரை மலைக்கு ஏற்றிப்போக டாக்சி வந்தது. எனக்கு அன்றிரவு ஈப்போவில் வேறு வேலை இருந்தது. அதைத் தள்ளிப்போட்டுவிட்டு நான் பின்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.